சபக்கமும் விபக்கமும்: வணிக மேலாண்மை மாணவர்க்கு ஆய்வியலைத் தமிழில் விளக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

வணிகவியல், மேலாண்மை மாணவர்கள் ஆய்வியலை ஒரு தாளாகப் பயில்கின்றனர். பயின்றதை ஒரு திட்ட அறிக்கையாக எழுதித் தருகின்றனர். அறிக்கையில் சான்றும் முடிவும் இருக்கின்றன. சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் வழி பல நேரங்களில் இருப்பதில்லை. அவ்வழியை விளக்குவதற்கு மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளில் உள்ள அளவை இயல் சொற்கள் எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே பயன்படாமல் நின்றுவிடும் என்பதை மேலாண்மைத் துறையின் சில மெய்யான ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அளவை, ஏதுப்போலி, விபக்கம், சான்றுவழி மேலாண்மை, கட்டுப்பாட்டுக் குழு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

மேலாண்மை மாணவரின் திட்ட அறிக்கை ஒன்றைப் புரட்டினால் அதன் அமைப்பு உடனே புலப்படும். ஒரு கடையையோ நிறுவனத்தையோ தேர்ந்துகொள்ளுதல், நூறு பேரிடம் வினாப்படிவம் நிரப்பி வாங்குதல், விழுக்காட்டு அட்டவணைகள், அவற்றின்கீழ் ஒரு கை-வர்க்கச் சோதனை, இறுதியில் பரிந்துரைகள் என அது அமையும். ‘விளம்பரத்தைப் பெருக்கலாம்’, ‘ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கலாம்’ என்பன போன்ற அப்பரிந்துரைகள், ஒரு படிவம்கூட நிரப்பப்படாத நிலையிலும் எழுதப்பட்டிருக்கக் கூடியவை. சான்று வேறு ஒன்றாக இருந்திருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்ற நிலை அங்கே இல்லை. மாறாத முடிவுக்குச் சான்று எதற்கு என்ற வினாவை மாணவரும் கேட்பதில்லை. மதிப்பிடுவோரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இதைப் பிற துறையின் குறையாக மட்டும் பார்த்துத் தமிழாய்வாளர் ஒதுங்கிவிட இயலாது. ஒரு கருத்தை முன்னரே முடிவுசெய்துகொண்டு, அதற்கு இசைந்த பாடலடிகளை மட்டும் தொகுத்து, இசையாதவற்றை விட்டுவிடும் ஆய்வேடுகள் நம் துறையிலும் எழுதப்படுகின்றன. நோய் ஒன்றே, அட்டவணை இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு. மேலும், கல்லூரி வரை தமிழ்வழியில் பயின்று மேலாண்மைக் கல்விக்குச் செல்லும் மாணவர்க்கு ஆய்வியலின் கருத்துகள் ஆங்கிலச் சொல்லின் ஒலியாகவே சென்று சேர்கின்றன. அவற்றைத் தமிழில் விளங்க வைப்பது தமிழ்த்துறையும் பங்கேற்க வேண்டிய பணி.

சான்றுவழி முடிவெடுத்தல்

சான்றுவழி என்னும் சொல்லாட்சி மருத்துவத்திலிருந்து மேலாண்மைக்கு வந்தது. டேவிட் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் 1996இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, மருத்துவரின் பட்டறிவையும் முறையான ஆய்வுகளின் சிறந்த சான்றையும் இணைத்து நோயாளியைப் பற்றி முடிவெடுப்பதே சான்றுவழி மருத்துவம் என விளக்கியது. பட்டறிவைத் தள்ளிவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பட்டறிவு மட்டும் போதாது என்றே சொன்னது. அமெரிக்க மேலாண்மைக் கழகத்தின் தலைவராக இருந்த டெனிஸ் ரூசோ 2005இல் ஆற்றிய தலைமையுரையில் இக்கருத்தை மேலாண்மைக்குக் கொண்டுவந்தார். ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சட்டன் ஆகிய இருவரும் 2006இல் இதுபற்றித் தனிநூலே எழுதினர். ஆய்விலக்கியம், நிறுவனத்தின் சொந்தத் தரவு, தொழில் செய்வோரின் பட்டறிவு, முடிவால் பாதிக்கப்படுவோரின் கருத்து என நான்கு ஊற்றுகளிலிருந்து சான்று பெறப்பட வேண்டும் என்பது பின்னர் இத்துறையில் நிலைபெற்ற வகைப்பாடு.

சான்றின் ஊற்றுகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில் வைதிக அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, ஒழிவறிவு முதலிய அளவைகளை விரிக்கிறான், அவை பத்தென்றும் எட்டென்றும் ஆறென்றும் ஆசிரியர்தோறும் எண்ணிக்கை வேறுபடுவதையும் சொல்கிறான். இவற்றுள் ஐதிகத்துக்குத் தரப்படும் எடுத்துக்காட்டு சுவையானது: இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதைக் கேட்டுத் தெளிதல். ‘இந்தத் தொழிலில் இப்படித்தான்’, ‘இந்த ஊரில் இது விற்காது’ என்று கடைத்தெருவில் வழிவழியாகச் சொல்லப்படுவனவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எவரும் மரத்தடிக்குச் சென்று பார்த்ததில்லை என்பதே அவற்றின் நிலை.

ஏதுவின் மூன்று தகுதிகள்

‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’யில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவை, காண்டல், கருதல் என்ற இரண்டையே ஏற்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகளையும் அவற்றில் நேரும் போலிகளையும் அக்காதை நுணுகி விளக்குகிறது. இப்பகுதி நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒப்பிட்டு அறிஞர்களால் ஆராயப்பட்டுள்ளது. இலக்கியச் சுவை குன்றிய பகுதியென்று வகுப்பறைகளில் பெரிதும் தாண்டிச் செல்லப்படுவதும் இதுவே.

ஏது குற்றமற்றதாக இருக்க மூன்று தகுதிகள் வேண்டும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பக்கத்தில் அது இருக்க வேண்டும். நிறுவ விரும்பும் தன்மையை உடைய பிற பொருள்களாகிய சபக்கத்தில் இருக்க வேண்டும். அத்தன்மை இல்லாத பொருள்களாகிய விபக்கத்தில் இல்லாதிருக்க வேண்டும். சபக்கம், விபக்கம் இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஏது, அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியின் முதல்வகையாகிய ‘சாதாரணம்’ எனப்படுகிறது. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிட்டால், நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலைத்த ஆகாயமும் அறியப்படுகிறது. ஆகவே அறியப்படுதல் எதையும் நிறுவாது.

மேலாண்மை நூலுலகின் புகழ்பெற்ற பிழை ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. டாம் பீட்டர்ஸ், ராபர்ட் வாட்டர்மேன் இருவரும் 1982இல் வெளியிட்ட ‘இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்’ என்னும் நூல் 43 சிறந்த அமெரிக்க நிறுவனங்களைக் கொண்டு, வாடிக்கையாளரோடு நெருங்கியிருத்தல், செயல்முனைப்பு முதலிய எட்டுப் பண்புகளை அவற்றின் சிறப்புக்குரியனவாகச் சொன்னது. உலகெங்கும் விற்ற நூல் அது. ஆனால் நூலாசிரியர்கள் திரட்டியது சபக்கம் மட்டுமே. வாடிக்கையாளரோடு நெருங்கியிருந்தும் நலிந்த நிறுவனங்கள் எத்தனை என்ற எண்ணிக்கை அதில் இல்லை. அந்த எண்ணிக்கை இல்லாதபோது, எட்டுப் பண்புகளும் ‘அறியப்படுதல்’ போன்ற பொதுப் பண்புகளா அல்லவா என்பதை எவரும் தீர்மானிக்க இயலாது.

ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட ‘குட் டு கிரேட்’ இக்குறையை அறிந்தே எழுதப்பட்டது. உயர்ந்த 11 நிறுவனங்களுக்கு எதிரே உயராத நிறுவனங்களை நிறுத்தி அவர் ஒப்பிட்டார். விபக்கம் வந்துவிட்டது, எனினும் சிக்கல் தீரவில்லை. ஃபில் ரோசன்ஸ்வைக் 2007இல் எழுதிய ‘தி ஹாலோ எஃபெக்ட்’ என்னும் நூல் காட்டியது போல, ஒரு நிறுவனம் ஈட்டிய வெற்றி தெரிந்தபின் எழுதப்படும் செய்திகளும் தரப்படும் நேர்காணல்களும் அந்த வெற்றியின் ஒளியிலேயே அதன் தலைமையையும் ஒழுங்கையும் புகழ்கின்றன. தோற்றால் அதே பண்பு பிடிவாதம் என்று பெயர் பெறுகிறது. அப்படிப்பட்ட செய்திகளிலிருந்து எடுக்கப்பட்ட ஏது தன்னளவில் உறுதியாகாத ஒன்று. ஆவியோ பனியோ புகையோ என்ற ஐயம் தீராத நிலையில், அதைப் புகையென்றே கொண்டு நெருப்பு உண்டென்று துணிவதை மணிமேகலை ‘சித்தாசித்தம்’ என்று பெயரிட்டு, அசித்தத்தின் ஒரு வகையாக வைக்கிறது. ரோசன்ஸ்வைக் சுட்டும் குறை இதுவே. காலின்ஸ் தேர்ந்த பதினொன்றில் சர்க்யூட் சிட்டி 2008இல் நொடித்ததையும், ஃபேனி மே அதே ஆண்டில் அரசின் பொறுப்புக்குச் சென்றதையும் பலர் அந்நூலுக்கு மறுப்பாக எடுத்துக்காட்டுவர். அது வலுவான மறுப்பன்று எனக் கருதுகிறேன். அந்த இரு நிறுவனங்களும் இன்றுவரை செழித்திருந்தாலும் ஏது ஐயத்துக்குரியதாகவே இருந்திருக்கும். முடிவு பலித்ததா என்பது வேறு; முடிவுக்கு வந்த வழி செம்மையானதா என்பது வேறு. மாணவர்க்கு முதலில் விளக்க வேண்டியதும் இந்த வேறுபாடே.

திட்ட அறிக்கைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு துணிக்கடையின் விற்பனையை ஆராயும் மாணவர், பையோடு வெளியே வருவோரை நிறுத்தி வினாப்படிவம் தருகிறார். விலை ஏற்புடையது, ஊழியர் அன்பாகப் பேசுகின்றனர் என்று பெரும்பாலோர் எழுதுகின்றனர். வாங்காமல் வெறுங்கையோடு திரும்பியவரும், வாசல்வரை வந்து அடுத்த கடைக்குப் போனவரும், சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வராதவரும் அந்த நூறு பேருக்குள் இல்லை. அவர்களே விபக்கம். மாதிரியின் அளவை நூறிலிருந்து ஆயிரமாக உயர்த்தினாலும் இக்குறை தீராது.

புகையும் நெருப்பும்

அளவை இயல் இன்னொரு நுட்பமான வேறுபாட்டையும் தருகிறது. 27ஆம் காதை கருதல் அளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக்குகிறது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேற்புறத்தில் மழை பெய்தது என்று உணர்வது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்று சொல்வது முதல். முன்னது விளைவிலிருந்து காரணத்துக்கும், பின்னது காரணத்திலிருந்து விளைவுக்கும் செல்கின்றது. பௌத்த அளவை இவற்றுள், நெருப்புக்குப் புகைபோல, விளைவைக் கொண்டு காரணத்தை அறிவதையே பிழைபடாததாகக் கொள்கிறது. பிறவகைக் கருதல்கள் பிழைக்கவும் கூடும் என்கிறது.

மேலாளரின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. புகையைக் கண்டு நெருப்பு இருப்பதை அறியலாம். ஆனால் புகையை உண்டாக்கினால் நெருப்பு வராது. வெற்றி பெற்ற நிறுவனங்களில் ஊழியர் மனநிறைவு மிகுதி என்று ஓர் ஆய்வு காட்டினால், மனநிறைவு வெற்றியின் புகையாகவும் இருக்கலாம். நல்ல ஊதியமும் நிலையான வேலையும் தரும் நிறுவனத்தில் மக்கள் மகிழ்ந்திருப்பது இயல்பு. ஒட்டுறவுக் கெழு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அடையாளம் காண விரும்புவோர்க்குப் புகை போதும். முடிவெடுப்பவர்க்கோ, ‘நான் இதைச் செய்தால் என்ன நிகழும்’ என்பதே வினா. அது முதல் என்னும் வகை. பௌத்தர் எச்சரித்த வகை. முகில் கலைந்தும் போகும்.

திருவுளச்சீட்டும் ஆலைகளும்

இவ்விடரைக் கடக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது. நிக்கோலஸ் புளூம் முதலிய ஐவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மும்பைக்கு அருகிலுள்ள தாராப்பூர், உமர்காம் வட்டாரப் பருத்தித் துணி ஆலைகளைப் பற்றியது. நல்ல மேலாண்மை உற்பத்தியை உயர்த்துமா என்ற பழைய வினாவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். நன்கு நடத்தப்படும் ஆலை மிகுதியாக ஈட்டுகிறது என்பதை மட்டும் காட்டியிருந்தால் அது புகையாகவே நின்றிருக்கும். ஈட்டம் மிகுந்த ஆலைதான் நல்ல மேலாளரை அமர்த்த முடியும். ஆகவே அவர்கள் மேலாண்மையைத் தாமே மாற்றிப் பார்த்தனர். 17 நிறுவனங்கள் உடன்பட்டன. ஆய்வுக்குரிய 20 ஆலைகளில் 14 ஆலைகளுக்கு முழுமையான அறிவுரைப் பணி ஐந்து மாதம் வழங்கப்பட்டது. எஞ்சிய 6 ஆலைகளுக்கு ஒரு மாதம் நிலையறியும் பணி மட்டும் நடந்தது. எந்த நிறுவனம் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கலே முடிவுசெய்தது.

குலுக்கல் எதற்கு என்ற இடத்தில்தான் மாணவர் பெரும்பாலும் தடுமாறுவர். விருப்பமுள்ளவர்க்கு அறிவுரை தந்தால் முனைப்புள்ளவரே முன்வருவர்; பின்னர் வரும் உயர்வு முனைப்பினாலா, அறிவுரையினாலா என்று பிரிக்க முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை இங்கே நினைவூட்டலாம். தகுதியுடையோர் யார் என்பதை விதிகள் முதலில் வரையறுத்தன; அதன்பின் யார் பெயர் வரும் என்பதைக் குடமும் சிறுவன் கையும் தீர்மானித்தன. மனித விருப்பம் நுழையும் வாயிலை அடைப்பதே இரண்டிடத்தும் நோக்கம். இவ்வொப்புமை அவ்வளவில் நிற்க வேண்டும். சோழர் காலத்தவர் ஆய்வுச் சோதனை நடத்தினர் என்று இதை நீட்டுவது வரலாறாகாது.

குறைபாடுள்ள துணியை நாள்தோறும் பதிவுசெய்தல், கிடங்கிலுள்ள நூலுக்குக் கணக்கு வைத்தல், தறிகளைப் பழுதுபடுமுன் பேணுதல் போன்ற 38 எளிய நடைமுறைகளே அறிவுரையின் உள்ளடக்கம். முதலாண்டில் அறிவுரை பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இவ்வளவு எளிய நடைமுறைகளை உரிமையாளர்கள் முன்னரே ஏன் மேற்கொள்ளவில்லை என்பதற்கு ஆய்வாளர் கண்ட விடை நம் பொருளுக்கு இன்றியமையாதது. தம் துணியின் தரம் அக்கம்பக்கத்து ஆலைகளின் தரத்துக்குக் குறைந்ததன்று, ஆகவே குறையில்லை என்று பலர் கருதியிருந்தனர். குறைபாட்டை எண்ணிப் பதிவுசெய்யும் வழக்கமே இல்லாதபோது அக்கருத்தை மறுக்கும் சான்று அவர்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை. மரத்தில் பேய் இல்லை என்பதும் ஓர் ஐதிகமாக இருக்கக்கூடும்.

எட்டொன்பது ஆண்டுகளுக்குப்பின் அதே ஆலைகளுக்கு ஆய்வாளர் திரும்பிச் சென்றனர். 2020இல் வெளிவந்த அத்தொடராய்வின்படி, புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. எனினும் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு நீடித்தது. 17 விழுக்காடு என்ற எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் மாணவர்க்கு இந்தப் ‘பாதி’யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணுகப்பட்ட 66 நிறுவனங்களில் உடன்பட்டவை 17 என்பதையும் மறைக்கலாகாது. உடன்படாதவற்றின் நிலை வேறாக இருந்திருக்கலாம்.

ஒரு சொல்லின் பிழை

அளவை இயல் உதவாத இடமும் உண்டு. விபக்கத்தில் ஏது அறவே இருக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. புள்ளியியல் அவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்த வேறுபாடு கூறெடுப்பின் தற்செயலால் வந்திருக்கக்கூடுமா என்று கேட்கிறது. இந்த இடத்தில் நாம் வழங்கும் கலைச்சொல் ஒன்று மாணவரைத் தவறான திசையில் செலுத்துகிறது. ‘சிக்னிஃபிகன்ட்’ என்பதை வகுப்பறையில் ‘முக்கியமானது’ என்றே பெயர்த்துச் சொல்கிறோம். 0.05 மட்டத்தில் ‘முக்கியமானது’ என்று கண்டவுடன் மாணவர், வேறுபாடு பெரியது, செயற்படத்தக்கது என்று எழுதிவிடுகிறார். உண்மையில் அச்சோதனை சொல்வது இவ்வளவே: இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று கொண்டால், இந்த அளவோ இதனினும் மிகையாகவோ வேறுபாடு தோன்றுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புடையது.

கற்பித எடுத்துக்காட்டொன்று காண்போம். ஒரு வணிக நிறுவனம் இருவகை விளம்பரப் பலகைகளைச் சோதிக்கிறது. ஒவ்வொன்றையும் 50,000 பேர் காண்கின்றனர். பழைய பலகையைக் கண்டோரில் 10 விழுக்காட்டினரும், புதியதைக் கண்டோரில் 10.4 விழுக்காட்டினரும் பொருள் வாங்குகின்றனர். கணக்கிட்டால் இவ்வேறுபாடு 0.05 மட்டத்தைக் கடக்கிறது. ஆனால் கூடுதலாக வாங்கியவர் 200 பேரே. ஒருவரிடம் 20 ரூபாய் ஆதாயம் என்றால் 4,000 ரூபாய். பலகையை மாற்ற 10,000 ரூபாய் ஆகுமெனில், இதே அளவு மக்கள் மீண்டும் இருமுறையேனும் வந்தாலன்றிச் செலவு ஈடாகாது. மறுபுறம், நூறு நூறு பேரிடம் மட்டும் சோதித்து 10 பேரும் 18 பேரும் வாங்கினால், வேறுபாடு எட்டு விழுக்காட்டுப் புள்ளிகள் இருந்தும் அந்த மட்டத்தைக் கடக்காது. அதனால் பயனில்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. இன்னும் பலரிடம் சோதிக்க வேண்டும் என்பதே சான்று சொல்வது. ‘முக்கியம்’ என்ற சொல் முதல் நேர்வில் செய்யத்தகாததைச் செய்யத் தூண்டுகிறது. இரண்டாம் நேர்வில் நல்லதொரு வாய்ப்பைக் கைவிடச் செய்கிறது. ‘தற்செயலன்மை’ என்பது இதற்குப் பொருத்தமாகலாம் எனத் தோன்றுகிறது. அச்சொல்லும் முழுமையானதன்று, தற்செயல் அறவே இல்லை என்று உறுதிகூறுவதாக அதைக் கொள்ளவும் இடமுண்டு. எனினும் அளவையும் சிறப்பையும் பற்றிய மயக்கத்தை அது உண்டாக்காது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனினும் சிறந்த சொல்லைக் காண்பராயின் நன்று.

ஒற்றர் மூவரும் ஓரூரும்

தரவு திரட்டுவதைப் பற்றி, ஒற்றாடல் அதிகாரத்தை மாணவர்முன் வைக்கலாம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும், ஒருவரை மற்றவர் அறியாதபடி மூவரை ஆண்டு அவர் சொல் ஒத்தவிடத்தே தெளிய வேண்டும் என்றும் வள்ளுவர் வகுக்கிறார். பல வழிகளில் சரிபார்க்க வேண்டும் என்பதை எல்லா ஆய்வியல் நூலும் சொல்லும். ஒருவரை ஒருவர் அறியாதிருத்தல் என்ற நிபந்தனையே இங்கு உயிரானது. கடை முதலாளியிடமும், அவர் அருகிலிருக்கையில் அவர் ஊழியரிடமும், அவரே அறிமுகம் செய்த வாடிக்கையாளரிடமும் பேசிவிட்டு மூன்று சான்றுகள் ஒத்தன என்று எழுதினால், அங்கே இருப்பது ஒரே சான்று.

மாணவர் திரட்டும் தரவு எவ்வளவு நெடிது வாழக்கூடும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகமே எடுத்துக்காட்டு. அங்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவரிடம் வினாநிரல் ஒன்றைத் தந்து, அவர்கள் அறிந்த சிற்றூர்களின் நிலம், தொழில், கூலி, கடன் ஆகியவற்றைப் பதிவுசெய்யச் சொன்னார். அவற்றைத் தொகுத்து 1918இல் வெளியிட்டார். பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கு மீளச் சென்று ஆராய்ந்த நூல் 1940இல் வந்தது. அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்சரும் சென்றனர். முதலில் சென்றவர் சோதனை எதையும் நடத்தவில்லை; கெழு எதையும் கணக்கிடவில்லை. அடுத்து வருபவர் அதே வினாவை அதே ஊரில் கேட்கத்தக்க வகையில் எழுதிவைத்தனர்.

வணிகவியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து இத்தகையதொரு பணியைக் கல்லூரியளவில் தொடங்க இயலும். ஊர்ச்சந்தை ஒன்றைத் தேர்ந்து, தமிழில் ஒரு வினாநிரல் அமைத்து, ஆண்டுதோறும் அடுத்த அணி மாணவர் அதையே பின்பற்றிப் பதிவுசெய்யலாம். கடை வைத்திருப்போரோடு மூடிவிட்டுப் போனோரையும் தேடிக் கேட்பது அந்நிரலின் முதல் விதியாக இருக்க வேண்டும். கேட்டவர் யார், கேட்டபோது உடனிருந்தவர் யார், விடை தர மறுத்தவர் எத்தனை பேர் என்பன ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் இடம்பெற வேண்டும். பரிந்துரைகள் முதலாண்டு அறிக்கையில் தேவையில்லை. மூன்றாம் ஆண்டில் ஒப்பிடுவதற்கு ஏதேனும் சேர்ந்திருக்கும்.